காகிதத்துக்குத் தெரியாத நீலம்

பீளமேட்டில் வெங்கடம்மாளின் முகத்தைவிட அவள் விரல்கள்தான் பிரசித்தம். வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த விரல்களும் நகத்தோடு சேர்த்துப் பழுப்பேறிக் கிடக்கும். சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கப் போனால் கடைக்காரி, “அம்மணி, கைய ஒருக்காக் கழுவிப்போட்டுத் தொடுங்க” என்பாள். கழுவினால் போகிற கறையா அது? போட்டோ மருந்துக் கறை. தோலோடு ஒட்டிக்கொண்டு தோலோடுதான் போகும்.

நியாயமாக அந்தக் கறை அவள் புருஷன் லட்சுமணசாமியின் கையில் இருந்திருக்க வேண்டும். போட்டோக்காரர் என்று பெயர் வாங்கியவர் அவர்தான். ஆனால் கல்யாணமான புதிதிலேயே மருந்து பட்டுப் பட்டு அவர் கை கொப்புளித்து, சோறு பிசைய முடியாமல் போய்விட்டது. கொஞ்ச நாள் ஊட்டிவிட்டுப் பார்த்தாள் வெங்கடம்மாள். அப்புறம் அலுத்துப்போய், “நீங்க வெளிச்சத்துல வேலையப் பாருங்க, இருட்டுல நான் பாத்துக்கறேன்” என்று இருட்டறைக்குள் புகுந்துவிட்டாள். அன்றிலிருந்து படம் பிடிப்பது அவர், அதைப் படமாக்குவது இவள். ஊருக்கு இது தெரியாது. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒரு வருஷம் காரமடைத் தேர்க் கூட்டத்தில் காமிராவின் லென்ஸ் காணாமல் போனது. கழன்று விழுந்ததோ, எவனாவது கழற்றிக்கொண்டானோ, அந்த ரங்கநாதருக்குத்தான் வெளிச்சம். லட்சுமணசாமி அன்னம் தண்ணி இல்லாமல் கிடந்தார். பிறகு யாரிடமோ விசாரித்து வந்து, லென்ஸ் இருந்த வாயைத் தகரத்தால் அடைத்து, தகரத்தின் நடுவில் ஊசி முனையால் ஓர் ஓட்டை போட்டார். அந்தப் பொட்டு ஓட்டை வழியாகவும் உலகம் தலைகீழாக உள்ளே வந்து விழத்தான் செய்தது. கண்ணாடித் தகடு வாங்க வழியில்லாததால் படம் அச்சடிக்கிற காகிதத்தையே உள்ளே வைத்தார். என்ன, படம் பிடிபடுவதற்கு வெகுநேரம் ஆகும். அதுவரை எதிரில் நிற்பவர்கள் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும்.

அந்தக் காகிதத்தில் எல்லாம் மாறி விழும். வேட்டி கறுப்பாக இருக்கும், தலைமயிர் வெளுத்திருக்கும். அதை ஒரு புதுக் காகிதத்தின்மேல் முகத்தோடு முகமாகக் கவிழ்த்து, கண்ணாடியால் அழுத்தி, முதுகில் வெளிச்சம் காட்டினால் மாறினது மறுபடி மாறி நிஜப் படம் வரும். வெங்கடம்மாளின் கைத்திறமை அங்கேதான். மாறின படத்தின் முதுகில் விளக்கெண்ணெயைச் சூடு காட்டித் தடவினால், பலகாரம் மடித்த தாளைப் போல அந்த இடம் ஊடுருவித் தெரியும். வெளிச்சம் கூடுதலாகப் பாய்ந்து அந்த இடம் படத்தில் கறுக்கும். அதே முதுகில் பென்சிலைத் தேய்த்தால் வெளிச்சம் தடைப்பட்டு அந்த இடம் வெளுக்கும். எண்ணெயையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு அவள் எத்தனையோ பேருக்கு மூக்கையும் முழியையும் மீட்டுக் கொடுத்திருக்கிறாள்.

ஒரே சங்கடம், அந்தக் காகிதத்துக்கு நிறம் பார்க்கத் தெரியாது. மஞ்சளையும் சிவப்பையும் கறுப்பென்று எடுத்துக்கொள்ளும். நீலத்தை வெள்ளையென்று சாதிக்கும். அதனால் மஞ்சள் பூசிய பெண்களை முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்வது லட்சுமணசாமியின் வழக்கம். சாதாரண வீடுகளில் சொல்லிவிடுவார். பெரிய வீடுகளில் அவருக்கு நாக்கு எழாது. நல்ல காரியத்துக்கு மஞ்சள் பூசி நிற்கிற சுமங்கலியைப் பார்த்து, முகத்தைக் கழுவு என்று எந்த ஆம்பளை சொல்லுவான்?

பைக்காரா மின்சாரம் தோட்டம் தோட்டமாக நுழைந்துகொண்டிருந்த காலம் அது. காரமடைக்குப் பக்கத்தில் செங்கோட்டையக் கவுண்டர் தன் கிணற்றுக்கு மோட்டார் வைத்தார். மாடும் ஏற்றமும் இல்லாமல் தண்ணீர் தானாக வந்து வாய்க்காலில் கொட்டியதைப் பார்க்கச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்தது. அந்த மோட்டாரோடு குடும்பத்தைச் சேர்த்துப் படம் பிடிக்க லட்சுமணசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். கவுண்டர், அவர் மனைவி பாவாத்தாள், மகன் ஈஸ்வரமூர்த்தி, மருமகள் பழனாத்தாள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பழனாத்தாள் முகம் நிறைய மஞ்சள் பூசி, பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். லட்சுமணசாமி வழக்கம்போல நாக்கை மடக்கிக்கொண்டார்.

படம் பீளமேட்டுக்கு வந்தது. நல்ல வெயிலில் பிடித்தது என்பதால் எண்ணெய், பென்சில் எதுவும் தேவைப்படாமல் சுத்தமாக விழுந்திருந்தது. மருந்துத் தட்டத்தில் உருவங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தபோது வெங்கடம்மாளின் மனசு பகீரென்றது. ஆண்களுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையோடு, நெற்றியில் பொட்டில்லாமல் ஒரு பெண். படத்தின் ஓரத்தில், மோட்டார் அறை வாசலில், வெள்ளைச் சேலையோடு இன்னொரு பெண். ஒரே வீட்டில் இரண்டு கைம்பொண்டாட்டிகளா, என்ன பாவம் செய்தார்களோ என்று பரிதாபப்பட்டாள். பரிதாபப்படத் தெரிந்தவளுக்கு, என்ன நிறச் சேலை என்று புருஷனை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவரும் மோட்டார் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். கவுண்டர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். படத்தை அட்டையில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பாவாத்தாள் படத்தைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும், கவுண்டர் படத்தை இரண்டாகக் கிழித்துப் போட்டதையும் திக்கித் திக்கிச் சொன்னார். பழனாத்தாள் கட்டியிருந்தது ஆகாய நீலச் சேலை. மஞ்சள் முகம் கறுத்து, அந்தக் கறுப்பில் குங்குமப் பொட்டும் கரைந்துவிட்டிருந்தது. புருஷன் பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் நிற்கிறான், பெண்டாட்டி தாலியறுத்த கோலத்தில் நிற்கிறாள். ஓரத்தில் நின்றவள்தான் நிஜமாகவே புருஷனை இழந்தவள், கவுண்டரின் மூத்த மகள் ராசாத்தாள். நல்ல காரியப் படத்தில் நிற்கக் கூடாதென்று அறை வாசலில் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். ஊசி ஓட்டையின் பார்வைக்கு அகலம் அதிகம், அவளையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

அடுத்த வாரம் வந்த சேதி வெங்கடம்மாளை உலுக்கி எடுத்துவிட்டது. ஈஸ்வரமூர்த்தி கிணற்றுப் படியில் பாசி வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டான். படம் சொன்னது பலிக்கத் தொடங்கிவிட்டது, இனி மகன் உயிர் தங்காது என்று பாவாத்தாள் முடிவுகட்டிவிட்டாள். பழனாத்தாளை அழைத்துக்கொண்டு போகச் சொல்லி ஆனைமலையில் இருக்கும் அவள் அண்ணன் திருமூர்த்திக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள். அப்படிப் பழி சுமந்து பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணை யார் திரும்பக் கூப்பிடப் போகிறார்கள்?

“நான் போறனுங்க” என்றாள் வெங்கடம்மாள்.

“உன்னையும் கிழிச்சுப்போடுவாங்க” என்றார் லட்சுமணசாமி.

அவள் கேட்கவில்லை. மாறின படத்தை அட்டைக்குள் வைத்துக் கட்டினாள். மருந்து, தட்டங்கள், விளக்கெண்ணெய், போத்தனூர் ரயில்வேயில் விளக்குத் துடைக்கும் பஷீர் கொடுத்த சிவப்புக் கண்ணாடி மாட்டிய லாந்தர் எல்லாவற்றையும் கூடையில் அடுக்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு கூடவே வந்தார் புருஷன். மேட்டுப்பாளையம் ரயிலில் ஏறிக் காரமடையில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தார்கள்.

தோட்டத்து வாசலில் கயிற்றுக் கட்டிலில் திருமூர்த்தி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டி. பழனாத்தாள் அழுது முடித்த முகத்தோடு தொழுவத்தின் பக்கம் நின்றாள். உள்ளறையில் கால் கட்டோடு படுத்திருந்த ஈஸ்வரமூர்த்தி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளை.

“ஏனுங்கம்மா, படத்தைக் கழுவுனது நாந்தானுங்க” என்று பாவாத்தாளிடம் போய் நின்றாள் வெங்கடம்மாள். “தப்பு எங்க காகிதத்துதுங்க. அதுக்கு நீலமும் தெரியாது, மஞ்சளும் தெரியாதுங்க.”

“கண்ணு தெரியாத காகிதத்தை எதுக்கு எங்கூட்டுக்குக் கொண்டாந்தீங்க?”

“மறுக்காப் போட்டுத் தாரனுங்க. சேலை மேல எண்ணெயத் தடவுனா வெள்ளை போயிருமுங்க. பொட்டும் தெரியறாப்பல பண்ணிப்போடறேன்.”

“எண்ணெயத் தடவிப் பண்றது சோடிப்பு அம்மணி. யாரும் கை வெக்காம மொதல்ல தானா வந்துச்சு பாருங்க, அதுதான் நெசம். சாமி காட்டுனதை எண்ணெயத் தடவி மறைக்கச் சொல்றீங்களா?”

இப்படி ஒரு மடக்கு மடக்குவாள் என்று வெங்கடம்மாள் எதிர்பார்க்கவில்லை. பொய்யாய் வந்த படம் சாமி காட்டியதாகிவிட்டது. அதை மெய்யாகத் திருத்தப்போனால் அது சோடிப்பு. இதற்கு மேல் எதைச் சொல்லி நிரூபிப்பது? திருமூர்த்தி எழுந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான்.

“அப்ப என்ற சேலைக்கும் எண்ணெயத் தடவச் சொல்லுங்க ஆத்தா.”

எல்லோரும் திரும்பினார்கள். மோட்டார் அறை வாசலில் ராசாத்தாள் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். குரல் உயரவே இல்லை.

“எஞ்சேலை வெள்ளைதான், அதுல ஆருக்கும் சந்தேகமில்லை. எண்ணெயத் தடவி அதுவும் கறுத்துப்போச்சுன்னா, படத்துல சேலைக்கு நெறம் குடுக்கறது சாமியா, எண்ணெயா? படத்துல எஞ்சேலை மாறுனா செத்தவரு எந்திரிச்சு வந்துருவாரா? வரமாட்டாருங்கல்ல? அப்பறம் பழனாத்தா சேலை வெளுத்ததுக்கு எந்தம்பி மட்டும் எதுக்குச் சாவோணும்?”

புருஷன் செத்ததைப் பற்றி ராசாத்தாள் தன் வாயால் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பாவாத்தாள் மகளை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. தான் வாயால் சொல்லி நிரூபிக்க முடியாததை இந்தப் பெண் தன் வெள்ளைச் சேலையைப் பணயம் வைத்து நிரூபிக்கக் கிளம்பிவிட்டாளே என்று வெங்கடம்மாள் திகைத்தாள்.

கவுண்டர்தான் கடைசியில் முடிவு சொன்னார். “பண்ணட்டும். பாவாத்தா, நீயும் உள்ள போ. என்ன பண்றாங்கன்னு உங்கண்ணுல பாரு.”

பருத்தி போட்டுவைக்கும் அறையை இருட்டறையாக்கினார்கள். சன்னலிலும் கதவிடுக்கிலும் சாக்கை அடைத்தார்கள். அதற்கு முன்பே வெங்கடம்மாள் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மாறின படத்தைக் கவிழ்த்து, பழனாத்தாள் முகத்தின் முதுகில் பென்சிலை மெல்லத் தேய்த்தாள். நெற்றியில் பொட்டளவு இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டாள். பிறகு ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, சூடு காட்டிய எண்ணெயில் தோய்த்து, சேலையின் மேல் விளிம்பு தாண்டாமல் தடவினாள். அடுத்தது ராசாத்தாள் சேலை. மாறின படத்தில் அந்த இரண்டு சேலைகளும் ஒரே மாதிரிக் கரிக்கட்டையாக இருந்தன. எது நீலம், எது வெள்ளை என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவி முடித்தாள். ஒரு தடவை தடவினால் தடவியதுதான். அந்தக் காகிதத்திலிருந்து இனி எண்ணெயை எடுக்க முடியாது.

நாலு பெண்களும் உள்ளே போனார்கள். வெங்கடம்மாள் சொன்னபடி பழனாத்தாள் அதே நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கதவைச் சாத்தி, சிவப்பு லாந்தரின் திரியை ஏற்றியதும் பாவாத்தாள் திடுக்கிட்டாள்.

“ஏம்புள்ள, உன்ற சேலை என்ன இப்பிடிக் கறுத்துக் கெடக்குது?”

“அதேதானுங்க அத்தை, நீலந்தான்” என்றாள் பழனாத்தாள்.

“வெளிச்சம் மாறுனா நெறம் மாறுமுங்கம்மா” என்றாள் வெங்கடம்மாள். “காகிதத்துக்கும் அப்பிடித்தான்.”

பாவாத்தாளின் பார்வை மகள்மேல் போய் நின்றுவிட்டது. அந்த வெளிச்சத்தில் ராசாத்தாளின் வெள்ளைச் சேலை தலைமுதல் கால்வரை செக்கச்செவேலென்று இருந்தது. பெற்றவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

புதுக் காகிதத்தின்மேல் மாறின படத்தைக் கவிழ்த்துக் கண்ணாடியை அழுத்தினாள் வெங்கடம்மாள். லாந்தரின் சிவப்புக் கண்ணாடியைத் தூக்கிக் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினாள். பிறகு சேலைகள் இருக்கும் இடத்துக்கு மட்டும் ஓட்டை வெட்டிய அட்டையைப் பிடித்து, மற்றதெல்லாம் மறைந்திருக்க, இன்னும் கொஞ்சம் காட்டினாள். சிவப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டு, காகிதத்தை மருந்துத் தட்டத்தில் முக்கி ஆட்டினாள்.

முதலில் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளைக் காகிதம். பிறகு மோட்டாரின் சக்கரம் வந்தது. கவுண்டரின் மீசை வந்தது. ஈஸ்வரமூர்த்தி வந்தான். அவன் பக்கத்தில் பழனாத்தாளின் முகம் தெளிந்து, நெற்றியில் ஒரு பொட்டு எழுந்தது. சேலை மெதுவாக இருண்டு கனத்தது. பழனாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் ஓரத்தில் ராசாத்தாள் வந்தாள். அவள் சேலையும் அதேபோல் இருண்டது. மடிப்பு மடிப்பாக, கனமான நிறச் சேலை கட்டிய, வாட்டசாட்டமான ஒரு குடும்பத்துப் பெண் மோட்டார் அறை வாசலில் நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராசாத்தாள் தட்டத்தின்மேல் குனிந்தாள். “இதாருங்க?” என்றாள்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“நீங்கதானுங்க நங்கையா” என்றாள் பழனாத்தாள் நாத்தனாரைப் பார்த்து.

பாவாத்தாள் சுவரிலிருந்து திரும்பி வந்து பார்த்தாள். பார்த்தவள் தட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மருந்து ததும்பியது. வெங்கடம்மாள் படத்தைத் தூக்கித் தண்ணீரில் அலசிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “இன்னும் உப்புத் தண்ணியில போடலீங்கம்மா. இப்பக் கதவைத் தொறந்தா வெளிச்சம் பட்டுப் பூராவும் கறுத்துப்போகும், ஒண்ணும் மிஞ்சாது. போட்டாத்தான் நிக்கும். நீங்க சொல்லுங்க.”

“பழனாத்தாளுது மட்டும் நிக்கட்டும், இவளுது போகட்டும்னு பண்ண முடியாதா அம்மணி?”

“ஒரே காகிதமுங்களே.”

பாவாத்தாள் மருமகளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்கடம்மாளின் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“போடுங்க” என்றாள் பாவாத்தாள்.

கதவு திறந்தபோது கண் கூசியது. கவுண்டர் ஈரப் படத்தை வாங்கி மருமகளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஓரத்துக்குப் போன கண் அங்கிருந்து திரும்பவில்லை. முகம் வெளுத்துப்போனது.

“அந்தத் தம்பிய உண்டுபோட்டு ஊருக்குப் போகச் சொல்லுங்க” என்றாள் பாவாத்தாள். “பழனாத்தா எங்கீம் வரலை.”

திருமூர்த்தி பெட்டியைத் தோளிலிருந்து இறக்கினான். பழனாத்தாள் அதை வாங்கிக்கொண்டு, யாரும் மனசு மாறுவதற்குள் புருஷன் இருக்கும் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

கவுண்டர் லட்சுமணசாமியைப் பார்த்து, “ஓரத்தை வெட்டிப்போட்டுச் சட்டம் போட்டுக் கொண்டாங்க” என்றார். வெங்கடம்மாளுக்கு யாரோ தன் கையையே வெட்டச் சொன்னது போலிருந்தது. ஒரு குடியைக் காப்பாற்றியவளை ஒரே வார்த்தையில் கத்தரித்துவிட்டாரே. ராசாத்தாளுக்கும் அது கேட்டிருக்கும். அவள் வாய்க்காலுக்கு மடை திருப்பப் போய்விட்டாள்.

கூடையைத் தூக்கிக்கொண்டு இருவரும் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதை வரைக்கும் வந்துவிட்டார்கள். பின்னாலிருந்து பாவாத்தாள் மூச்சு வாங்க வந்து வெங்கடம்மாளை மட்டும் நிறுத்தினாள்.

“இன்னொண்ணு போட்டுக் கொண்டாங்க அம்மணி. ஓரத்தை வெட்டாம. செவுத்துல மாட்டறதுக்கில்லை, எனக்கு.”

“சரிங்கம்மா.”

“செவப்பு நெறம் அந்தக் காகிதத்துக்குக் கறுப்பாத்தான் தெரியுமுங்களா?”

“ஆமுங்க.”

“அவ கண்ணாலத்துக்கு அரக்குச் சேலை எடுத்தமுங்க. ஆறு மாசங்கூடக் கட்டலை.” பாவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப இது அந்தச் சேலைதானுங்க.”

ஆமாம் என்று தலையை ஆட்டினாள் வெங்கடம்மாள்.